வலயம் கடக்க வேண்டிய உரையாடல்: மட்டக்களப்பு வாவிப் பிரதேச ஆசிரியர்களின் வாண்மைக் கற்றலும் சமூக ஊடகமும்

1. கேள்வி

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் கற்பிக்கும் ஆசிரியர்களில் வட்ஸ்அப் குழு எதிலும் இல்லாத ஒருவரை இன்று காண்பது அரிது. பாடசாலைக் குழு, கோட்டக் குழு, வலயத்தின் பாடவாரிக் குழு, தொழிற்சங்கக் குழு, கல்வியியற் கல்லூரியில் உடன்பயின்றோர் குழு என ஒருவரே பல குழுக்களில் இருப்பது வழமையாகிவிட்டது. முகநூலில் வினாத்தாள்களுக்கென்றும் பாடக்குறிப்புகளுக்கென்றும் தனிப் பக்கங்கள் உள்ளன. ஆசிரியர் ஒருவரின் கைக்கு இவ்வளவு தாள்கள் இவ்வளவு விரைவாக வந்து சேர்ந்த காலம் முன்பு இருந்ததில்லை.

இவ்விணைப்புகளால் ஆசிரியரின் கற்பித்தல் வளர்கிறதா என்பதே இக்கட்டுரை ஆராயும் கேள்வி. இதற்கு வழக்கமாக இரண்டு விடைகள் சொல்லப்படுகின்றன. சமூக ஊடகம் தூரத்தை ஒழித்துவிட்டது, இனி எந்த ஆசிரியரும் தனித்தவர் அல்லர் என்பது ஒன்று. அது கவனத்தைச் சிதைக்கிறது, ஆசிரியர் கைபேசியை வைத்துவிட்டு வகுப்பைக் கவனிக்கட்டும் என்பது மற்றொன்று. இரண்டுமே கருவியைப் பார்க்கின்றனவேயன்றிக் குழு எவ்வாறு அமைக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பார்ப்பதில்லை. வாவிப் பிரதேசத்தில் சமூக ஊடகம் சுற்றறிக்கைகளையும் வினாத்தாள்களையும் திறம்படக் கொண்டு செல்கிறது. கற்பித்தல் பற்றிய சிந்தனையை மிகக் குறைவாகவே கொண்டு செல்கிறது. குழுக்கள் நிருவாக வலயத்தின் அமைப்பையும் அதிகாரப் படிநிலையையும் அப்படியே பின்பற்றி உருவானமை இதற்கு முதன்மைக் காரணம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

2. இதுவரையான புரிதல்

ஜீன் லேவும் எட்டியென் வெங்கரும் 1991 இல் வெளியிட்ட ஆய்வு, கற்றலைத் தனிமனிதரின் மூளைக்குள் நிகழ்வதாக மட்டும் பார்க்காமல், ஒரு தொழிலைச் செய்வோரிடையே பங்கேற்பதன் வழியாக நிகழ்வதாக விளக்கியது. புதியவர் முதலில் ஓரத்தில் நின்று பார்க்கிறார், சிறு வேலைகளைச் செய்கிறார், மெல்ல மெல்ல நடுவுக்கு வருகிறார். 1998 இல் வெங்கர் இதை விரித்து, ஒரே தொழிலைச் செய்வோர் தமக்குள் உருவாக்கிக்கொள்ளும் குழுமங்கள் பற்றி எழுதினார். இணையவழி ஆசிரியர் குழுக்களைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் இந்தச் சிந்தனையையே அடித்தளமாகக் கொள்கின்றனர்.

2014 இல் ஜெஃப்ரி கார்பென்டரும் டேனியல் குருட்காவும் டுவிட்டரைப் பயன்படுத்தும் 755 கல்வியாளர்களிடம் நடத்திய கருத்தாய்வு நம்பிக்கையூட்டியது. தனிமை குறைந்தது, புதிய எண்ணங்கள் கிடைத்தன எனப் பங்கேற்றோர் கூறினர். ஆனால் இது பயனடைந்ததாக உணர்ந்தோரின் சொந்தக் கூற்று என்பதை மறக்கலாகாது. 2016 இல் நிக் கெலியும் அமயா அந்தோனியோவும் ஆசிரியர்களின் பெரிய முகநூல் குழுக்களில் உண்மையில் என்ன பதிவாகிறது என்பதை எண்ணிப் பார்த்தபோது வேறொரு படம் தெரிந்தது. நடைமுறை ஆலோசனைகள் மிகுதியாக இருந்தன. தன் கற்பித்தலைத் தானே மீள நோக்குதல், மற்றவரின் கற்பித்தலுக்குப் பின்னூட்டம் அளித்தல், கற்பித்துக் காட்டுதல் ஆகியன அரிதாகவே இருந்தன. ஆசிரியர்கள் கூறியதும் அவர்கள் செய்ததும் ஒன்றாக இல்லை.

இருபது ஆண்டுக்கால ஆய்வுகளைத் தொகுத்து லான்ட்ஸ் ஆண்டர்சன், லுண்டின், செல்வின் ஆகியோர் 2018 இல் எழுதிய மீளாய்வு இன்னொரு வேறுபாட்டைச் சுட்டியது. மேலிருந்து முறைப்படி ஒழுங்குசெய்யப்படும் குழுக்களும் ஆசிரியர் தாமாக உருவாக்கும் குழுக்களும் வெவ்வேறு இயல்புடையவை. நமக்கு இந்த வேறுபாடு முக்கியமானது. வாவிப் பிரதேசத்தில் மிகுதியாக இயங்கும் குழுக்கள் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டவை. ஆசிரியரின் சொந்தக் கைபேசியில், சொந்தச் செலவில், தனிப்பட்ட எண்ணில் இயங்குகின்றன. பேச்சின் தொனியோ அலுவலகத்தினுடையது.

3. வாவியும் வலயங்களும்

வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமானது. அதன் கிழக்கே கடலோரமாக எழுவான்கரை. மேற்கே வயலும் குளமும் காடும் கொண்ட படுவான்கரை. நகரம், பெரிய பாடசாலைகள், மருத்துவமனை, அலுவலகங்கள் எல்லாம் பெரும்பாலும் எழுவான்கரையில். படுவான்கரையில் கற்பிப்போரில் பலர் எழுவான்கரையில் குடியிருந்து நாள்தோறும் வாவியைக் கடப்பவர்கள். மண்முனைப் பாலம் 2014 இல் திறக்கப்படும்வரை அவ்விடத்தில் படகுப் பாதைதான் வழி. குருக்கள்மடம்–அம்பிளாந்துறை, குறுமண்வெளி–மண்டூர் துறைகளும் தலைமுறைகளாகப் பாதையையே நம்பியிருந்தவை. 2007 இல் கிழக்கில் போர் ஓயும்வரை இருதரப்புக் கட்டுப்பாட்டுப் பகுதிகளைப் பிரித்த கோடும் நகருக்கு அருகே வாவியை ஒட்டியே இருந்தது. வவுணதீவுச் சோதனைச்சாவடியைக் கடந்து பாடசாலைக்குப் போன ஆசிரியர் தலைமுறை இன்னும் சேவையில் இருக்கிறது.

மாவட்டத்தில் 5 கல்வி வலயங்கள் உள்ளன: மட்டக்களப்பு, மட்டக்களப்பு மத்தி, மட்டக்களப்பு மேற்கு, பட்டிருப்பு, கல்குடா. மட்டக்களப்பு மேற்கு முழுமையாகப் படுவான்கரையைச் சேர்ந்தது. மட்டக்களப்பு மத்தி காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடி முதலிய இடங்களின் முஸ்லிம் பாடசாலைகளைப் பெரும்பான்மையாகக் கொண்டது. ஆகவே இங்கு வலய எல்லை நிருவாக எல்லையோடு நின்றுவிடுவதில்லை. ஒரு பக்கம் கரையையும் மறுபக்கம் சமூகத்தையும் பிரிக்கும் கோடாகவும் அது இருக்கிறது.

சிறிய பாடசாலைகளின் நிலையை இதனோடு சேர்த்து நோக்க வேண்டும். படுவான்கரையின் ஒரு வகை 2 அல்லது வகை 3 பாடசாலையில் கணிதத்துக்கோ விஞ்ஞானத்துக்கோ ஓர் ஆசிரியரே இருப்பது வியப்பன்று. 2014 இன் இலங்கை ஆசிரியர் சேவைப் பிரமாணக் குறிப்பு தொடர்ச்சியான வாண்மை விருத்தியை ஆசிரியரின் சேவைப் பாதையோடு இணைத்தது. பாடசாலை மட்ட ஆசிரியர் வாண்மை விருத்தித் திட்டமும் ஆசிரியர்கள் தம் பாடசாலைக்குள்ளேயே ஒருவரிடமிருந்து ஒருவர் கற்க வேண்டும் என்கிறது. கொள்கை நல்லது. ஆனால் ஒரே பாடத்தைக் கற்பிக்கும் இன்னொருவர் இல்லாத பாடசாலையில் அந்தப் பாடத்தின் நுட்பத்தை யாரிடம் கற்பது? ஆசிரிய ஆலோசகர் எப்போதாவது வருவார். ஆசிரிய மத்திய நிலையத்தில் எப்போதாவது செயலமர்வு நடக்கும். இடைப்பட்ட வாரங்களில் ஆசிரியர் தனித்தே நிற்கிறார். சமூக ஊடகத்துக்கு இப்பிரதேசத்தில் உண்மையான பணி இருக்குமெனின் அது இந்த இடைவெளியில்தான்.

4. குழுக்கள் பெருகிய விதம்

2020 மார்ச்சில் நாடெங்கும் பாடசாலைகள் மூடப்பட்டபோது வட்ஸ்அப் ஒரே நாளில் வகுப்பறையாயிற்று. குடிசன மதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் 2019 ஆம் ஆண்டுக் கணிப்பின்படி நாட்டின் வீடுகளில் 22 வீதமளவானவற்றிலேயே மேசைக் கணினியோ மடிக்கணினியோ இருந்தது. எனவே கைபேசியே எஞ்சியது. செயலட்டையைப் படமெடுத்து அனுப்புவது, குரற்பதிவில் விளக்குவது, பிள்ளை எழுதியதைப் பெற்றோரின் கைபேசி வழியாகப் பெற்றுத் திருத்துவது ஆகியவற்றை ஆசிரியர்கள் தாமாகவே கற்றுக்கொண்டனர். யாரும் அவர்களுக்கு முன்கூட்டிப் பயிற்சி அளித்திருக்கவில்லை. அண்மைக்கால வரலாற்றில் ஆசிரியர் ஒருவரையொருவர் பார்த்துக் கற்ற மிகப் பெரிய நிகழ்வு அதுவே எனலாம். தேவை பொதுவாக இருந்தது, எல்லோரும் புதியவர்களாக இருந்தனர், தெரியாது என்று சொல்வதில் வெட்கம் இருக்கவில்லை. இம்மூன்றும் சேர்ந்ததே அந்தக் கற்றலைச் சாத்தியமாக்கியது.

2021 யூலை 12 முதல் ஒக்டோபர் இறுதி வரை சம்பள முரண்பாட்டைத் தீர்க்கக் கோரி ஆசிரியர்கள் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகி நின்றனர். அப்போராட்டத்தின் மையம் சம்பளமாயினும், தம் சொந்தக் கைபேசியையும் தாமே வாங்கிய டேட்டாவையும் கொண்டு அரசின் கல்வியை ஓராண்டுக்கு மேல் தாங்கியவர்களின் களைப்பும் அதில் இருந்தது. பாடசாலைகள் மீளத் திறந்தபின் குழுக்கள் கலையவில்லை. ஆனால் அவற்றின் பணி மாறியது. ஒருவரிடமிருந்து ஒருவர் கற்கும் இடமாக இருந்தவை அறிவித்தல் பலகைகளாயின.

5. எது பகிரப்படுகிறது?

வலயக் குழு ஒன்றில் வரும் செய்திகளை நான்காகப் பிரிக்கலாம். முதலாவது, சுற்றறிக்கையும் கூட்ட அழைப்பும் உடன் அனுப்ப வேண்டிய புள்ளிவிபரக் கோரிக்கையும். இரண்டாவது, கடந்தகால வினாத்தாள், மாதிரி வினாத்தாள், புள்ளித் திட்டம், ஆசிரியர் வழிகாட்டியின் பீடிஎப். மூன்றாவது, வாழ்த்தும் அனுதாபமும் நன்றியும். நான்காவது, ஒரு பாடப்பகுதியை எப்படிக் கற்பிப்பது, பிள்ளைகள் எங்கே இடறுகிறார்கள் என்ற பேச்சு. இந்த நான்காவது வகையே வாண்மைக் கற்றலுக்கு மிக அருகானது. அதுவே மிகக் குறைவு.

இரண்டாவது வகையைக் குறைத்து மதிப்பிடுவது நியாயமாகாது. தமிழ்மொழி மூல ஆசிரியருக்குப் பொருள்வளம் எப்போதும் தாமதமாகவே வந்தது. பாட ஆவணங்கள் பல வேறு மொழியில் எழுதப்பட்டுப் பின்னர் தமிழுக்கு வருபவை. அவற்றிலுள்ள கலைச்சொல் குழப்பத்தை ஒருவரிடம் ஒருவர் கேட்டுத் தெளிவதே பெரிய உதவி. கொக்கட்டிச்சோலைக்கு அப்பால் உள்ள சிற்றூரின் ஆசிரியருக்கு நகரப் பாடசாலையின் தவணை வினாத்தாள் அதே நாளில் கிடைப்பது சமத்துவத்தை நோக்கிய ஒரு படியே.

ஆயினும் வினாத்தாள் எதைக் கேட்க வேண்டும் என்று சொல்லும். பிள்ளை ஏன் பிழைவிட்டது என்று சொல்லாது. தரம் 6 பிள்ளை ஒன்று 1/2 உடன் 1/3 ஐக் கூட்டி 2/5 என எழுதியதாகக் கொள்வோம். புள்ளித் திட்டம் அதற்குப் பூச்சியம் போடும். அந்த விடையை ஆசிரியர் ஒருவர் பெயர் மறைத்துப் படமெடுத்துச் சக ஆசிரியர் ஐவருக்கு அனுப்பினால் நிலைமை மாறும். பின்னத்தைப் பிள்ளை ஒரே எண்ணாகப் பார்க்காமல் மேலும் கீழுமாக நிற்கும் இரண்டு எண்களாகப் பார்க்கிறது என ஒருவர் கூறுவார். அரையை விட ஐந்தில் இரண்டு சிறிது என்பதைக் கடதாசிக் கீலங்களை மடித்துக் காட்டி, கூட்டினால் எப்படிக் குறையும் என்று பிள்ளையிடமே கேட்கலாம் என்பார் இன்னொருவர். மறுவாரம் அதைச் செய்து பார்த்தவர் என்ன நடந்தது என்று எழுதுவார். லீ ஷுல்மன் 1986 இல் விளக்கிய, பாட அறிவும் கற்பித்தல் அறிவும் ஒன்றுகலந்த அந்த ஆசிரிய அறிவு பிறக்கும் இடம் இதுவே. யப்பானிய ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு பாடத்தைத் திட்டமிட்டு, ஒருவர் கற்பிக்க மற்றவர் அவதானித்து, பின் கூடி ஆராயும் பாட ஆய்வு மரபின் உயிரும் இதுவே.

உள்ளூர் அறிவுக்கும் இது பொருந்தும். கண்டற் காடுகளைப் பாடநூலின் படத்தில் காட்டுவது ஒன்று. மாரியில் முகத்துவாரம் வெட்டப்பட்டபின் வாவியின் உவர்ப்பு எப்படி மாறுகிறது, எந்த மீன் எப்போது கிடைக்கிறது என்பதை மீனவக் குடும்பத்துப் பிள்ளையின் வாயால் வகுப்பில் சொல்லவைத்து அதிலிருந்து விஞ்ஞானத்துக்குச் செல்வது வேறொன்று. அப்படிக் கற்பிக்கும் ஆசிரியர்கள் இரு கரைகளிலும் இருக்கிறார்கள். அவர்களின் பாடம் அவர்களது வகுப்பறைச் சுவருக்குள் முடிந்துவிடுகிறது.

6. ஏன் அந்தப் பேச்சு எழுவதில்லை?

முதற் காரணம் அதிகாரம். அதிபரும் கல்விப் பணிப்பாளரும் ஆசிரிய ஆலோசகரும் உள்ள குழுவில், “இந்தப் பாடம் எனக்குச் சரிவரவில்லை” என எழுத எத்தனை ஆசிரியருக்குத் துணிவு வரும்? மதிப்பீடு செய்பவர் முன்னிலையில் யாரும் தம் குறையைத் திறந்து வைப்பதில்லை. 2022 செப்டெம்பரில் பொது நிருவாக அமைச்சு, தாபனக் கோவையின் 47 ஆம் அத்தியாயத்தைச் சுட்டி, அரச உத்தியோகத்தர் சமூக ஊடகங்களில் கருத்து வெளியிடுவது ஒழுக்காற்று நடவடிக்கைக்கு உட்படலாம் என அறிவுறுத்தியது. 2024 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் வந்தது. கற்பித்தல் பற்றிய பேச்சு இவற்றின் இலக்கு அன்று. எனினும் எது பேசலாம் என்ற எல்லை மங்கலாக இருக்கையில் ஆசிரியர் தெரிவுசெய்வது மௌனத்தையே.

இரண்டாவது, சமூகங்களுக்கு இடையிலான நம்பிக்கையின்மை. 2019 ஏப்ரல் 21 இல் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் நிகழ்ந்த தாக்குதலும், அதே நாளில் நாட்டின் பிற இடங்களில் நிகழ்ந்தவையும், இங்குள்ள தமிழ், முஸ்லிம் சமூகங்களின் உறவை ஆழமாகப் பாதித்தன. வதந்தியைத் தடுக்கவென அரசு முகநூலையும் வட்ஸ்அப்பையும் அம்மாத இறுதிவரை முடக்கியது. முந்தைய ஆண்டின் மார்ச்சில், கண்டி வன்முறையின்போதும் இவ்வாறே செய்தது. ஒரே ஊடகம் அச்சத்தைப் பரப்பவும் பயன்பட்டது, அயலவரோடு பேசவும் பயன்பட்டது. தடை இரண்டையும் ஒருசேர நிறுத்தியது. மார்க் கிரனோவெற்றர் 1973 இல் எடுத்துக்காட்டியபடி, புதிய செய்தி பெரும்பாலும் நெருங்கியவரிடமிருந்து வருவதில்லை. தொலைவான, மெல்லிய தொடர்புகள் வழியாகவே வருகிறது. ஆரையம்பதியும் காத்தான்குடியும் அடுத்தடுத்த ஊர்கள். இரண்டிலும் ஒரே பாடத்திட்டத்தை ஒரே மொழியில் கற்பிக்கும் ஆசிரியர்கள் வெவ்வேறு வலயக் குழுக்களில் இருக்கிறார்கள். இப்பிரதேசத்தின் ஆசிரியருக்கு மிகவும் தேவையான மெல்லிய தொடர்பை வலயக் கோடு வெட்டிவிடுகிறது.

மூன்றாவது, செலவும் நேரமும். நாட்டின் ஆசிரியர்களில் ஏறத்தாழ நான்கில் மூவர் பெண்கள். இரவு ஒன்பது மணிக்கு வரும் “உடன் அனுப்புக” என்ற செய்தி வீட்டுவேலையின் நடுவே வந்து சேர்கிறது. குழுவில் சேர்ந்ததும் ஒருவரின் தொலைபேசி எண் அங்குள்ள அனைவருக்கும் தெரியவருவது பெண் ஆசிரியருக்குத் தனிக் கவலை. ஓய்வைத் தின்னும் ஊடகத்தில் ஆற அமரச் சிந்தித்து எழுத மனம் வராது.

நான்காவது, சேமிப்பின்மை. நல்ல விளக்கம் ஒன்று வந்தாலும் இரண்டு நாளில் நூறு செய்திகளின் அடியில் அது மறைகிறது. நமது வினாத்தாள்களும் குறிப்புகளும் பெரும்பாலும் பாமினி எழுத்துருவில் தட்டச்சானவை அல்லது கைபேசியில் படமெடுத்தவை. ஒருங்குறியில் இல்லாத எழுத்தைத் தேடுபொறியால் கண்டுபிடிக்க இயலாது. அடுத்த ஆண்டு அதே பாடத்துக்கு அதே கேள்வி மீண்டும் கேட்கப்படுகிறது.

7. ஒரு மாற்று வாசிப்பு

இந்த வாதத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. குழுவில் எழுதாதவர் கற்கவில்லை என்று எப்படிச் சொல்வது? மௌனமாக வாசிப்போரும் ஓரத்திலிருந்து பங்கேற்போரே. லேவும் வெங்கரும் கூறிய புதியவரும் முதலில் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறார்? இம்மறுப்பில் உண்மை இருக்கிறது. கல்வியியற் கல்லூரியிலிருந்து புதிதாக வெளிவந்த ஆசிரியருக்கு மூத்தவர்களின் உரையாடலை வாசிப்பதே ஒரு பயிற்சி.

ஆனால் ஓரத்தில் நிற்பவர் பார்த்துக் கற்பதற்கு நடுவில் வேலை நடக்க வேண்டும். தையற்கடையில் புதிய பையன் மூத்தவரின் கையைப் பார்க்கிறான். வலயக் குழுவிலோ பாடம் நடத்தும் கை கண்ணில் படுவதில்லை, தைத்து முடிந்த துணி மட்டுமே வந்து சேர்கிறது. கெலியும் அந்தோனியோவும் கண்டதும் இதையே. ஆகவே மௌனம் குறையாக வேண்டியதில்லை. பார்ப்பதற்கு எதுவும் வைக்கப்படாமையே குறை.

8. முடிவு

வாவிப் பிரதேச ஆசிரியரின் தனிமை உண்மையானது. அதைப் போக்கும் வாய்ப்பும் கையிலேயே இருக்கிறது. ஆனால் இன்றைய வடிவிலுள்ள வலயக் குழுக்களால் அது நடவாது. மேற்கண்ட பரிசீலனையிலிருந்து நான்கு பரிந்துரைகள் எழுகின்றன.

முதலாவதாக, அறிவித்தற் குழுவையும் கற்றற் குழுவையும் பிரிக்க வேண்டும். சுற்றறிக்கைக்கு ஒரு குழு போதும்; அதில் அதிகாரி மட்டும் எழுதட்டும், அதுவும் கடமை நேரத்தில். கற்றற் குழுவோ எட்டுப் பத்துப் பேருக்கு மேற்படாமல், ஒரே பாடத்தைக் கற்பிப்போரைக் கொண்டு, மதிப்பீட்டு அதிகாரி இன்றி அமையட்டும். இரண்டாவதாக, அக்குழு இரு கரைகளையும் இரு சமூகங்களையும் சேர்த்ததாக இருக்க வேண்டும். வவுணதீவு, காத்தான்குடி, களுவாஞ்சிக்குடி, வாழைச்சேனை ஆசிரியர்கள் ஒரே மேசையில் அமர முதற் கூட்டத்தை நேரிலேயே நடத்த வேண்டும். முகம் பார்த்துப் பழகாதவரிடையே பிழையைப் பேசும் நம்பிக்கை உருவாகாது. தாழங்குடாவிலுள்ள மட்டக்களப்பு தேசிய கல்வியியற் கல்லூரியும் வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகமும் எந்த வலயத்துக்கும் உரியன அல்லாத பொது இடங்கள். இக்கூட்டத்தை அழைக்கும் தகுதி அவற்றுக்கு உண்டு.

மூன்றாவதாக, உரையாடலில் தேறியதை ஒருங்குறித் தமிழில் எழுதிச் சேமிக்க வேண்டும். 2005 முதல் ஈழத்துத் தமிழ் ஆவணங்களை இணையத்தில் பேணிவரும் நூலகம் திட்டம், தன்னார்வ உழைப்பால் இத்தகைய வேலை நிலைத்து நடக்கும் என்பதற்குச் சான்று. பகிரும் பிள்ளைகளின் எழுத்திலிருந்து பெயரையும் முகத்தையும் நீக்குவது கட்டாயமாக இருக்கட்டும். 2022 ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கும் நாட்டில் பிள்ளைகளின் அந்தரங்கம் ஆசிரியரின் நல்லெண்ணத்தை மட்டும் நம்பி இருக்கலாகாது.

நான்காவதாக, இந்தக் கற்றலுக்குச் செலவாகும் நேரத்தைப் பாடசாலை மட்ட வாண்மை விருத்தியின் பகுதியாகக் கணக்கிட வேண்டும். கற்பித்தல் பற்றிய தொழில்சார் உரையாடல் ஒழுக்காற்று விதிகளுக்கு உட்படாது என மாகாணக் கல்வித் திணைக்களம் எழுத்தில் தெளிவுபடுத்த வேண்டும்.

இவற்றில் எதற்கும் புதிய செயலியோ வெளிநாட்டு நிதியோ தேவையில்லை. முதல் அடிக்கு அனுமதியும் தேவையில்லை. இதை வாசிக்கும் ஆசிரியர், அடுத்த வாரம் தம் வகுப்பில் ஒரு பிள்ளை எழுதிய பிழையான விடை ஒன்றைப் பெயர் மறைத்து, வேறொரு வலயத்தில் அதே பாடத்தைக் கற்பிக்கும் ஒருவருக்கு அனுப்பி, “உங்கள் பிள்ளைகளும் இப்படி எழுதுகிறார்களா? நீங்கள் என்ன செய்கிறீர்கள்?” என்று கேட்கட்டும்.